ஒன்பது மணி வரை

யாக்கிமா, வாஷிங்டன் மாநிலம்
22 செப்டம்பர் 1946

அன்புத் தங்கை கோராவுக்கு,

முழங்கால் வலியைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உன் இருமல் நின்றதா? தேனில் எலுமிச்சை பிழிந்து குடி. ரேடியோவில் பேசிப் பிழைக்கிறவள் தொண்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. அண்ணன் வந்துவிட்டான்.

ஆமாம், நம் ஆல்டன்தான். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு சரக்கு ரயில் ஏறிப் போனவன், இருபது வருஷம் கழித்துப் போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து கதவைத் தட்டினான். பழம் பறிக்கிற சீசன் பார், வேலை கேட்டு வருகிறவர்கள் நாளெல்லாம் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நான் அடுப்பில் ஆப்பிள் பை பலகாரம் வைத்திருந்தேன். "ஆள் போதும்ப்பா, பக்கத்துத் தோட்டத்துல கேட்டுப் பாரு" என்று உள்ளேயிருந்தே சொன்னேன். அவன் போகவில்லை. திட்டிவிடலாம் என்று கதவைத் திறந்தால், நெட்டையாக ஒருத்தன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். உள்ளங்கையில் தாத்தாவின் சங்கிலிக் கடிகாரம். மூடியில் மான் தலை செதுக்கினது. அப்பா ஆல்டனுக்குக் கொடுத்தாரே, அதேதான்.  "அண்ணா" என்றேன். அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான், வரவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டான்.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். வைத்த பலகாரத்தில் பாதிக்கு மேல் அவனே சாப்பிட்டான். அம்மா போன இரண்டு வருஷமாக இந்த மேசையில் ஒரு தட்டு வைத்துத்தான் சாப்பிடுகிறேன் கோரா. இப்போது இரண்டு தட்டு கழுவுகிறேன்.

அப்பாவின் உயிலையும் நினைத்துப் பார்த்தேன். இந்த வருஷம் முடிவதற்குள் ஆல்டன் வந்து நின்றால் நாற்பது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு அவனுக்கு. வராவிட்டால் செத்தவனாக வைத்துக்கொண்டு நம் இருவருக்கும். மூன்று மாசம் மிச்சம் வைத்து வந்து சேர்ந்திருக்கிறான். அவன் எதையும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

சீக்கிரம் பதில் போடு.

உன் அக்கா,
தெல்மா


நியூயார்க்
1 அக்டோபர் 1946

என் அருமை அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது, தேனால் அல்ல, உன் கடிதத்தால். வாடகை வீட்டம்மா மிஸஸ் கோவாக் மாடிப்படியில் என்னைப் பிடித்து, "எதுக்கும்மா அழுவுற, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றார். "இல்லைங்க, ஒருத்தர் பிழைச்சு வந்துட்டார்" என்றேன். அவன் போகும்போது எனக்குப் பதினாலு வயசு. இரண்டு வருஷம் கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன், உனக்குத் தெரியும்.

என்னைப் பற்றிக் கேட்டானா? குரல் எப்படி இருக்கிறது? எனக்கு முகம்கூட மங்கிவிட்டது, குரல் மட்டும் அப்படியே நிற்கிறது. தொழில் புத்தி.

இங்கே எங்கள் ரேடியோ நாடகம் 'மூன்றாவது சாவி' நன்றாக ஓடுகிறது. வியாழக்கிழமைதோறும் ஒன்பது மணிக்குக் கிழக்கு ஊர்களுக்கு நேரடியாக நடிக்கிறோம். அப்புறம் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்து, உங்கள் பக்கத்தில் ஒன்பது மணி ஆகும்போது அதே நாடகத்தை அதே துப்பாக்கி, அதே அலறலோடு மறுபடி முழுசாக நடிக்க வேண்டும். மேற்கே இருக்கிற நீ கேட்பதெல்லாம் எங்களுடைய இரண்டாவது கொலைதான்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. எங்கள் நாடகத்தில் மாதத்துக்கு ஒரு வாரிசாவது இப்படிக் காணாமல் போய்த் திரும்பி வருகிறான். இதுவரை ஒருத்தன்கூட உண்மையான வாரிசு இல்லை. அதனால் வக்கீலிடம் மட்டும் ஓடாதே, கொஞ்சம் பொறு. அவனை என் பங்குக்கு ஒரு தடவை கட்டிக்கொள்.

முழங்காலுக்குச் சூடு வை.

உன் கோரா


யாக்கிமா
14 அக்டோபர் 1946

அன்புள்ள கோரா,

நீ சுகமாக இருப்பது பற்றிச் சந்தோஷம். நானும் சுகம். பழம் பாதி இறக்கியாகிவிட்டது.

அண்ணன் அதிகம் பேசுகிறதில்லை. கேட்பான். சாயங்காலம் சமையலறையில் உட்கார்ந்து நான் பாட்டுக்குப் பழைய கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன், அவன் கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பான். "உனக்கு ஞாபகம் இல்லையா?" என்றால், "கொஞ்சம் கொஞ்சமா வருது" என்பான். மறுநாள் அவனுக்கே ஞாபகம் வந்துவிடும். உன் ஆறு வயசில் வாய்க்காலில் வழுக்கி விழுந்தாயே, அவன் சட்டையோடு குதித்து இழுத்துப் போட்டானே, அதை நேற்றுப் பக்கத்துத் தோட்டத்து மிஸஸ் ரூட்டிடம் அவனே சொன்னான். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஞாயிறன்று சர்ச்சிலும் எல்லாருக்கும் அறிமுகப்படுத்திவிட்டேன்.

வேலை என்றால் அப்படி ஒரு வேலை. ஏணி ஏறினால் இறங்குவதில்லை. பழக் கொட்டகையில் சும்மா கிடந்த அப்பாவின் பழைய ரேடியோவைப் பிரித்துப்போட்டுச் சரி பண்ணிவிட்டான். இருட்டினதும் அங்கே உட்கார்ந்து பழம் தரம் பிரித்துக்கொண்டே கேட்கிறான். தூரத்து நிலையமெல்லாம் எடுக்கிறதாம், சால்ட் லேக் சிட்டிகூட. எனக்கு வீட்டு ரேடியோவில் நம் ஊர் நிலையம் போதும்.

வக்கீல் தானாகவே விசாரித்துவிட்டார். ஜனவரி ஆறாம் தேதி கோர்ட்டில் ஆல்டன் நேரில் வந்து சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவனிடம் சொன்னேன். "அதுக்கு இன்னும் நாள் இருக்கே" என்று எழுந்து விறகு பிளக்கப் போய்விட்டான்.

உன் அக்கா,
தெல்மா


நியூயார்க்
24 அக்டோபர் 1946

அக்கா,

நான் நலம். நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது, ஏன் என்று சொல்கிறேன்.

நான் வாய்க்காலில் வழுக்கி விழவில்லை. ஆல்டன் என்னைத் தள்ளிவிட்டான். அவன் சிகரெட் பிடித்ததை அப்பாவிடம் சொல்லிவிட்டேன் என்று ஆத்திரம். நான் முழுகுவதைப் பார்த்துப் பயந்துபோய்க் குதித்து இழுத்தான். "வழுக்கி விழுந்தேன்னு சொல்லணும், இல்லைன்னா உன் பொம்மையை அடுப்புல போட்டுருவேன்" என்றான். நானும் சொன்னேன். இன்றுவரை உனக்கும் அம்மாவுக்கும் தெரிந்தது அந்தப் பொய் மட்டும்தான். தள்ளினவன் அதை மிஸஸ் ரூட் கண்ணைத் துடைக்கும்படி ஊரில் சொல்லிக்கொண்டு திரிவானா? என் அண்ணனாக இருந்தால் அந்தப் பேச்சு வந்ததும் எழுந்து போயிருப்பான்.

அவனுக்கு ஞாபகம் வரவில்லை அக்கா. நீ சொல்லிக்கொடுக்கிறாய், அவன் மனப்பாடம் பண்ணுகிறான். அது என் தொழில், எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு காரியம் செய். அவன் இடது காதைப் பார். ஆல்டனின் காது நுனியைச் சின்ன வயசில் நாய் கடித்துப் பிய்த்தது. பார்த்துவிட்டு உள்ளது உள்ளபடி எழுது. அதுவரை ராத்திரியில் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்.

கோரா


யாக்கிமா
20 நவம்பர் 1946

அன்புள்ள கோரா,

பதில் தாமதமாகிவிட்டது. அறுவடை முடியும்வரை பேனா பிடிக்க நேரமில்லை. நான் சுகம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

இந்த வருஷம் பழம் நல்ல நிறம். முதல் உறைபனி ஆறாம் தேதி விழுந்தது. பின்பக்கத்துப் படியில் ஒன்று ஆடிக்கொண்டிருந்ததே, அது இப்போது ஆடுவதில்லை. அடுத்த வாரம் நன்றி நாள் விருந்துக்கு வான்கோழி சொல்லியிருக்கிறேன். போன வருஷம் எனக்கு ஒரு கோழிக் கால் போதுமாக இருந்தது.

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள்.

அக்கா


நியூயார்க்
2 டிசம்பர் 1946

அக்காவுக்கு,

உறைபனி எழுதினாய், படி எழுதினாய், வான்கோழி எழுதினாய். காதைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் நாலு வாரம் தபால்காரர் வருகிற நேரத்துக்கெல்லாம் வாசலில் நின்றேன்.

நீ ஏமாந்தவள் என்று நான் நினைக்கவில்லை, நினைக்கவும் பிடிக்கவில்லை. ஆனால் அந்த ஆள் கோர்ட்டில் ஆல்டன் ஹோல்ம் என்று கையெழுத்துப் போட்டுப் பதிமூன்று ஏக்கரை விற்றுவிட்டுப் போன பிறகு நீ என்ன செய்வாய்? போலீசுக்கு எழுதலாம் என்று மூன்று தடவை உட்கார்ந்தேன், உன் முகம் வந்து நின்றது, கிழித்துப் போட்டேன்.

அதனால் வேறொன்று செய்துவிட்டேன். எங்கள் நாடகம் எழுதுகிற லாஸ்கரிடம் காபிக் கடையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிவிட்டார். ஊரும் பேரும் மாற்றி, தோட்டத்தைப் பண்ணையாக்கி எழுதியிருக்கிறார். தங்கை வேஷம் எனக்கு. பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை. உங்களுக்கு ஒன்பது மணி. நீ மட்டும் கேட்காதே, அந்த ஆளையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேள். கடைசிக் காட்சியில் அவன் முகத்தைப் பார். எனக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

கோபமாக இருந்தாலும் உன் கோராதான்.


யாக்கிமா
7 டிசம்பர் 1946

அன்புள்ள கோரா,

இது விமானத் தபாலில் வருகிறது. வியாழனுக்குள் உன் கையில் கிடைக்க வேண்டும் என்று தபால் ஆபீசில் கெஞ்சிவிட்டு வந்தேன்.

காது முழுசாக இருக்கிறது.

அதை நான் முதல் நாளே பார்த்தேன். தொப்பியைக் கழற்றினான் என்று எழுதினேன் அல்லவா, அப்போதே. ஆனால் அதற்குள் "அண்ணா" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அந்த மனுஷனும் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அழுதான் என்று எனக்குப் பட்டது.

எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் பொய் சொல்லிக்கொண்டு ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். என் வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. காலையில் எழுந்தால் கீழே யாரோ அடுப்பில் விறகு போடுகிற சத்தம் கேட்கிறது, அதற்காகவே கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். நியூயார்க்கில் மாடிக்கு மாடி ஆள் இருக்கிற உனக்கு இது புரியுமோ என்னவோ.

கடிகாரம் இவன் கையில் இருக்கிறதென்றால் ஆல்டன் எங்கே என்று எனக்கு யோசிக்கத் தெரியாதா? கேட்டால் இவன் சொல்லிவிடுவான், அப்படிப்பட்டவன். சொல்லிவிட்டால் இரண்டு பேரும் ஒரே நாளில் போய்விடுவார்கள். அதனால் கேட்கவில்லை.

நிலத்துக்கு வந்தவன் இல்லை இவன். கோர்ட்டுப் பேச்சை எடுத்தாலே விறகுக் கோடாலியைத் தேடுகிறான். இப்போது இரண்டு குளிர்காலத்துக்கு விறகு இருக்கிறது.

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அந்த நாடகத்தில் அவனைத் துரத்தாதே. நீ ரேடியோவில் வருகிறாய் என்று அவனிடம் ஏற்கெனவே பெருமையாகச் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


நியூயார்க்
13 டிசம்பர் 1946

அக்கா, என் தங்க அக்கா,

உனக்கும் அவருக்கும் உடம்பு சுகமா? பார், நானே "அவர்" என்று எழுதிவிட்டேன்.

நேற்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கிழக்குக்கு ஒன்பது மணிக்கு நடித்தோம். உன் கடிதம் அதுவரை வரவில்லை. கடைசிக் காட்சியில் லாஸ்கர் எழுதினதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன்: "நீ என் அண்ணன் இல்லை. செத்தவன் பாக்கெட்டுல திருடினதைக் காட்டி இந்த வீட்டுக்குள்ள வந்தவன் நீ. போலீஸ் வர்றதுக்குள்ள வெளியே போ." கதவு அறைகிற சத்தம். ஆர்கன் இசை. எல்லாரும் கை தட்டினார்கள், எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் மூன்று மணி நேரம் இருக்கிறதே என்று செருப்பு மாற்ற வீட்டுக்கு வந்தேன். மிஸஸ் கோவாக் உன் கடிதத்தை முன்கூடத்து மேசைமேல் வைத்திருந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்து படித்தேன்.

இரண்டாவது தடவை, உங்களுக்காக நடிக்கும்போது, கடைசிப் பக்கம் வந்ததும் காகிதத்தைக் கீழே இறக்கிவிட்டேன். "நீ யாருன்னு எனக்கு மொதநாளே தெரியும். நான் உன்னைப் போகச் சொல்லலையே. உக்காரு, சாப்பாடு ஆறிடும்" என்றேன். எதிரில் நடித்த டேனியல் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினான். நாடகத்துக்குப் பின்னணிச் சத்தம் கொடுக்கிற கிழவர் கஸ் அறைவதற்குத் தயாராகக் கதவைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். கதவை விட்டுவிட்டு, பக்கத்தில் கிடந்த நாற்காலியைத் தரையில் இழுத்தார், ஒரு ஆள் உட்காருகிற மாதிரி. கண்ணாடி அறைக்குள்ளிருந்து, நாடகத்துக்குப் பணம் போடுகிற சோப்புக் கம்பெனிக்காரர் கையை ஆட்டிக் கத்துவது தெரிந்தது, கேட்கவில்லை.

இரண்டு பேரும் கேட்டீர்களா? அவர் என்ன சொன்னார்? எழுது.

கோரா


யாக்கிமா
17 டிசம்பர் 1946

அன்புள்ள கோரா,

உன் கடிதம் இன்று வந்தது. நீ சுகமாக இரு.

அவன் கேட்கவில்லை. போய்விட்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் எப்போதும்போல ஐந்தரைக்குப் பழக் கொட்டகைக்குப் போனான். ஏழு மணிக்குச் சாப்பிட வருவான். வரவில்லை. ஏழேகாலுக்குப் போய்ப் பார்த்தேன். ரேடியோ அணைந்திருந்தது, மூடியைத் தொட்டால் இன்னும் இளஞ்சூடு. பழமெல்லாம் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கியிருந்தது. மேலே அந்தக் கடிகாரம். வீட்டில் அவன் அறையில் கட்டில் துணிமணி மடித்துச் சதுரமாக இருந்தது. நான் பின்னிக்கொடுத்த கையுறையைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை.

ஊருக்குள் போயிருப்பான், நாடகத்துக்கு வந்துவிடுவான் என்று சாப்பாட்டை அடுப்போரத்தில் வைத்துவிட்டு இரண்டு நாற்காலியை ரேடியோ பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கு நீ வந்தாய்.

நன்றாகச் சொன்னாய் கோரா. மூன்று மாசமாக நான் அவனிடம் சொல்ல நினைத்து வாயில் வராத வார்த்தை அது, உனக்கு எப்படித் தெரிந்ததோ. நாற்காலி இழுக்கிற சத்தம் வந்தபோது நான் திரும்பி வாசல் பக்கம் பார்த்தேன்.

எதற்குப் போனான் என்று எனக்குப் புரியவில்லை. அன்று காலையில்கூடச் சிரித்துப் பேசினான். நான் என்ன செய்தேன் என்று யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது.

அக்கா


கிளமத் ஃபால்ஸ், ஓரிகன்
19 டிசம்பர் 1946

மிஸ் கோரா ஹோல்ம் அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். உங்கள் விலாசம் தெரியாததால் நாடகத்தின் பேருக்கே எழுதுகிறேன். எனக்குப் படிப்பு குறைவு, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை ஆறு மணிக்குச் சால்ட் லேக் சிட்டி நிலையத்தில் உங்கள் நாடகம் வந்தது. உங்கள் அக்கா ஒன்பது என்று சொல்லியிருந்தார்கள், முன்னாலேயே கேட்டால் அவர்களிடம் போய்ப் பெருமையாகச் சொல்லலாம் என்று வைத்தேன். கடிகாரம் என்றதும் புரிந்துவிட்டது. நீங்கள் பேசினது நியாயம். ஒன்று மட்டும் தப்பு, நான் திருடவில்லை.

என் பேர் வெர்ன் ஹாஸ்கெல். ஆல்டனும் நானும் கொலம்பியா ஆற்றில் அணை கட்டின இடத்தில் ஒரே கூடாரத்தில் இரண்டு வருஷம் இருந்தோம். 1935 பிப்ரவரியில் அவனுக்கு நிமோனியா வந்தது, ஒன்பதாம் நாள் போய்விட்டான். "இதைத் தெல்மா கையில குடுத்துரு" என்று கடிகாரத்தைக் கொடுத்தான். நான் இரண்டு தடவை அதை அடகு வைத்துவிட்டேன், இரண்டு தடவையும் மீட்டேன். அந்த வெட்கத்தில்தான் பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

செப்டம்பரில் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு, அவன் செத்ததைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன். கதவு திறந்தது, அந்த அம்மா என்னை அண்ணா என்றார்கள். என்னை யாரும் எதுவும் கூப்பிட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

கோர்ட்டில் கையெழுத்துப் போட்டிருக்கவே மாட்டேன், பைபிள்மேல் சத்தியமாக. அக்காவிடம் நான் கெட்டவன் இல்லை என்று சொல்லுங்கள், அல்லது கெட்டவன் என்றே சொல்லுங்கள், அவர்களுக்கு எது சுலபமோ அது. ஷெரிஃபுக்குச் சொல்வதானால் ஜனவரி பதினைந்து வரை இங்கே மரம் அறுக்கிற மில்லில் இருப்பேன். தபால் ஆபீசுக்கு என் பேர் போட்டு எழுதினால் கொடுப்பார்கள். அப்புறம் தெற்கே போகிறேன்.

பணிவுடன்,
வெர்ன் ஹாஸ்கெல்


நியூயார்க்
28 டிசம்பர் 1946

அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

இதோடு இருக்கிற கடிதத்தை முதலில் படி. அப்புறம் இதற்கு வா.

நீ ஒன்றும் செய்யவில்லை. நான்தான் துரத்தினேன். குளிர்காலத்தில் இருட்டினதும் மலைக்கு அந்தப் பக்கத்து நிலையங்களெல்லாம் யாக்கிமாவில் பக்கத்து வீடு மாதிரி கேட்கும். நீகூட அக்டோபரில் எழுதினாய், சால்ட் லேக் சிட்டி வருகிறதென்று. அங்கே போவது கிழக்குக்கு நடிக்கிற முதல் நாடகம், உங்கள் கடிகாரத்தில் அப்போது ஆறு மணிதான். பன்னிரண்டு வருஷம் நியூயார்க்கில் இருந்து எனக்கு அது மறந்தே போயிற்று. உங்கள் பக்கத்துக்கு இரண்டாவது நாடகம் மட்டும்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு, உனக்காக மாற்றிவிட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது முதலாவதை. உனக்கு நான் உட்காரச் சொன்னேன், அவரை வெளியே போகச் சொன்னேன், இரண்டும் என் வாய்தான்.

ரேடியோவில் திருத்திச் சொல்லலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வசனத்தை மாற்றினதற்கு என்னை நாடகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அது கிடக்கட்டும்.

அண்ணனுக்காக இப்போதுதான் அழுகிறேன். ஒன்பது நாள் ஒருத்தர் அவன் பக்கத்தில் இருந்திருக்கிறார். அந்த மனுஷனைத்தான் திருடன் என்று தேசம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

நீ கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் அதுவும் நியாயம்.

கோரா


யாக்கிமா
7 ஜனவரி 1947

திரு. வெர்ன் ஹாஸ்கெல் அவர்களுக்கு,

மர மில் வேலையில் உடம்பு கெடாமல் இருக்கிறீர்களா? கையுறையை விட்டுவிட்டுப் போனீர்கள். இதோடு அனுப்பியிருக்கிறேன். இந்தக் குளிரில் வெறுங்கையோடு மரம் தூக்காதீர்கள்.

உங்களை "நீங்கள்" என்று எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனால் உங்களை எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

கோராவின் நாடகம் இரண்டு தடவை நடக்கும். நீங்கள் கேட்டது ஆறு மணி நாடகம். நான் ஒன்பது மணிக்குக் கேட்டதில் அந்தத் தங்கை அந்த ஆளைப் போகச் சொல்லவில்லை. முதல் நாளே தெரியும், உட்காரு என்று சொன்னாள். அதைக் கோரா என் பேச்சைக் கேட்டுத்தான் மாற்றினாள். நீங்கள் ஒன்பது மணி வரை இருந்திருக்கலாம்.

நீங்கள் ஆல்டன் இல்லை என்று தொப்பியைக் கழற்றினபோதே எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லாதது மூன்று மாசம் என்றால், நானும் தெரிந்தே மூன்று மாசம் உங்களை அண்ணா என்று கூப்பிட்டேன். எது பெரிய பொய் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்றுக் கோர்ட்டுக்குப் போனேன். சர்ச்சுக்காரர்கள் பாதிப்பேர் வந்திருந்தார்கள், அண்ணனும் தங்கையுமாக நிற்பதைப் பார்க்க. நான் தனியாகப் போய் நின்றேன். பைபிள்மேல் கை வைத்து, என் அண்ணன் ஆல்டன் ஹோல்ம் 1935 பிப்ரவரியில் நிமோனியாவில் செத்துப்போனான், வெர்ன் ஹாஸ்கெல் என்பவர் கடைசிவரை பக்கத்தில் இருந்தார் என்று சொன்னேன். உங்கள் கடிதத்தையும் காட்டினேன். ஜட்ஜ் கண்ணாடியை இறக்கிவிட்டு, "அப்ப மூணு மாசமா உங்க வீட்ல இருந்தது யாரும்மா?" என்றார். "அந்த வெர்ன் ஹாஸ்கெல்தாங்க. அவர் எங்கேயும் தன்னை ஆல்டன்னு எழுதிக் குடுக்கலை. நான்தான் ஊர் முழுக்க அப்படிச் சொன்னேன். தண்டனைன்னா எனக்குக் குடுங்க" என்றேன். கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டார். அப்புறம் எழுதிக்கொண்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். மிஸஸ் ரூட் வெளியே என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். போகட்டும்.

ஆக, ஷெரிஃப் உங்களைத் தேடவில்லை. ஆல்டனின் பங்கு எனக்கும் கோராவுக்கும் வந்துவிட்டது. இனிமேல் இந்த வீட்டுக்கு வர யாரும் ஆல்டனாக இருக்க வேண்டியதில்லை. கோராவுக்குப் பதில் இன்னும் போடவில்லை. உங்களுக்குப் போட்ட பிறகுதான் அவளுக்கு.

இந்த மாசம் கிளை வெட்டுகிற வேலை ஆரம்பம். கூலிக்கு ஆள் எடுப்பேன், தங்க அறை உண்டு. அப்படி வருவதானால் அப்படி வாருங்கள். அண்ணனைப் பற்றி உங்களிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது, அந்த ஒன்பது நாளில் அவன் என்ன பேசினான், எங்கே புதைத்தீர்கள், எல்லாம். கேட்டால் தாங்குவேனா என்ற பயம் இப்போது இல்லை.

வராவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதி முடிக்கத்தான் உட்கார்ந்தேன். அது பொய். போன வருஷம் சொன்னதே போதும். வாருங்கள்.

தெல்மா ஹோல்ம்